ஒத்திவைப்பா, முடித்துவைப்பா? சட்டப்பேரவைக் கூட்டத்தொடர்: கேள்வி பதில்

பேரவைச் செய்திகளைப் பல வருடம் எழுதியவன் என்பதால், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். வந்ததில் பாதி ஒரே குழப்பம்தான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், 'பேரவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு' என்று செய்தி வந்தால் கூட்டத்தொடர் முடிந்துவிட்டதாக அர்த்தமா?

பதில்: இல்லை. ஒத்திவைப்பது பேரவைத் தலைவர், முடித்துவைப்பது ஆளுநர். அரசியல் சட்டத்தின் 174-வது பிரிவுப்படி அவையைக் கூட்டுவது, முடித்துவைப்பது, கலைப்பது மூன்றுக்கும் ஆளுநர் கையெழுத்து வேண்டும். நடுவில் நாள்களை நகர்த்துவது தலைவர் வேலை. அமளி என்று அரை மணி நேரம் ஒத்திவைத்தாலும் சரி, தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தாலும் சரி, அவர் ஒத்திவைத்த அவையை அவரே திரும்பக் கூட்டலாம்.

2023 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். 13-ஆம் தேதி ஆளுநர் ஆர்.என்.ரவி பத்து மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். 18-ஆம் தேதி, சனிக்கிழமை, பேரவைத் தலைவர் அப்பாவு அவையைக் கூட்டினார். பத்தும் அன்றே மறுபடி நிறைவேறின. மசோதாவைத் திருப்பியவரிடமே போய் 'அவையைக் கூட்டித் தாருங்கள்' என்று நிற்க வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் எத்தனை மாதம் வேண்டுமானாலும் கூட்டாமல் இருக்கலாமா?

பதில்: முடியாது. ஒரு தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கும் நடுவே ஆறு மாதம் விழக் கூடாது. கொரோனாவுக்கே விலக்கு கிடைக்கவில்லை. 2020 மார்ச் 24-இல் நம் பேரவைக் கூட்டத்தை அவசரமாக முடித்தார்கள். அப்புறம் செப்டம்பர் 14-இல் கூட்டியே தீர வேண்டியிருந்தது. கோட்டை மண்டபத்தில் இடைவெளி விட்டு உட்கார இடமில்லை என்று கலைவாணர் அரங்கத்துக்குப் போனார்கள். மூன்றே நாள் கூட்டம்.

ஹரியானா கதை இன்னும் சுவாரசியம். அங்கே கடைசி அமர்வு 2024 மார்ச் 13. தேர்தல் வாசலில் நின்ற அரசு அவையைக் கூட்டவில்லை. கெடு நெருங்கியதும் செப்டம்பர் 12-இல் பேரவையையே கலைத்துவிட்டார்கள். பதவிக் காலம் முடிய இரண்டு மாதம்கூட மீதமில்லாத அவை அது!

கேள்வி: எத்தனை நாள் கூட்டம் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: அலுவல் ஆய்வுக் குழு. தலைவர் அறையில் எல்லாக் கட்சிக்காரர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். எதிர்க்கட்சி கூடுதல் நாள் கேட்கும், கடைசியில் ஆளுங்கட்சி கொண்டுவந்த பட்டியல்தான் நிற்கும்.

கேள்வி: ஆளுநர் தன் விருப்பத்துக்குத் தேதி மாற்றலாமா?

பதில்: அருணாசலப் பிரதேசத்தில் செய்து பார்த்தார்கள். 2016 ஜனவரி 14-இல் கூட வேண்டிய அவையை ஆளுநர் 2015 டிசம்பர் 16-க்கு முன்னுக்கு இழுத்தார். அமைச்சரவையைக் கேட்காமல் செய்தது செல்லாது என்று 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, கவிழ்ந்த அரசையே திரும்ப உட்காரவைத்தது.

இதற்கு நேர் எதிராக, அமைச்சரவை சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்த கதையும் உண்டு. 2022-இல் மேற்கு வங்க அரசு அனுப்பிய குறிப்பில் பிற்பகல் 2 மணி என்பது அதிகாலை 2 மணி என்று விழுந்துவிட்டது. ஆளுநர் ஜகதீப் தன்கர் அப்படியே மார்ச் 7 அதிகாலை 2 மணிக்கு அவையைக் கூட்டி உத்தரவு போட்டுவிட்டார்! அரசு திருத்தி அனுப்பிய பிறகுதான் பிற்பகல் ஆனது. தட்டச்சுப் பிழைதான், ஆனால் இருவருக்கும் அப்போது இருந்த உறவை ஒரு தலையங்கம்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்காது.

கேள்வி: முடித்துவைத்தால் நிலுவை மசோதா காலாவதி ஆகுமா?

பதில்: ஆகாது, 196-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அவையைக் கலைத்தால்தான் அந்தச் சிக்கல்.

கேள்வி: அப்படியானால் முடித்துவைக்காமலே ஓட்டிவிடலாமே?

பதில்: பஞ்சாப் வழக்கு இதுதான். 2023 மார்ச்சில் ஒத்திவைத்த பட்ஜெட் தொடரை ஜூன் 19, 20-இல் தலைவர் திரும்பக் கூட்டினார். அது சட்டவிரோதம் என்று ஆளுநர் மசோதாக்களைக் கிடப்பில் போட்டார். நவம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் அமர்வு செல்லும் என்றது. கூடவே, ஒரே தொடரைக் காலவரையின்றி நீட்டிக்கொண்டே போவதும் சரியில்லை என்று அரசுக்கும் ஒரு குட்டு வைத்தது. ஆனால் முடித்துவைக்காமல் இழுப்பதில் அரசுக்கு ஒரு நஷ்டமும் உண்டு. அவை கூட்டத்தில் இல்லாதபோதுதான் அவசரச் சட்டம் போட முடியும். அது தேவைப்பட்டால் தானாகவே முடித்துவைக்கச் சொல்லிக் கோப்பை அனுப்புவார்கள்.

கேள்வி: நான் டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே எப்படி?

பதில்: உங்கள் ஊரில் ஒற்றைப்படை வருடத்தில் மட்டும் ஜனவரியில் கூடுவார்கள், அதிகபட்சம் 140 நாள். நடுவில் தேவை என்றால் ஆளுநர் சிறப்புக் கூட்டம் கூட்டலாம். அது 30 நாளைத் தாண்டக் கூடாது, எதைப் பேசுவது என்பதையும் அவரே சொல்வார். ஆனால் அவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஆளுநர். நம்மூர் ஆளுநர்களோடு ஒப்பிட்டுவிடாதீர்கள்.