டூசான் கண்காட்சியில் முதல்முறை புதைபடிவம் வாங்குகிறோம்; ஏமாறாமல் வாங்குவது எப்படி?

கேள்வி கேட்டவர், ஒன்பது வயது மகளோடு பிப்ரவரியில் அரிசோனாவின் டூசானுக்குப் போவதாகவும், அவளுக்கு டிரைலோபைட் (பல கோடி வருடத்துக்கு முன் அழிந்துபோன, ஓடுள்ள கடல் பிராணி) என்றால் உயிர் என்றும், கையில் 200 டாலர் இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

நான் ஃபீனிக்ஸில் இருக்கிறேன். அங்கிருந்து டூசானுக்குக் காரில் இரண்டு மணி நேரம்தான். பதினோரு வருடமாக ஏறக்குறைய ஒவ்வொரு பிப்ரவரியும் போய்விடுவேன். புவியியல் படித்தவன் இல்லை. வாங்கி, ஒருமுறை நன்றாக ஏமாந்து, அப்புறம் கடைக்காரர்களையே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

டூசான் கண்காட்சி என்று ஒருமையில் சொன்னாலும் அது ஒரே இடத்தில் நடப்பதில்லை. ஜனவரி கடைசியில் தொடங்கி பிப்ரவரி நடுப்பகுதி வரை, ஊர் முழுக்கக் கல், கனிமம், புதைபடிவம் விற்கும் பல பத்துக் கண்காட்சிகள் நடக்கும். 1955இல் உள்ளூர்க் கனிமச் சங்கத்தார் ஒரு தொடக்கப் பள்ளியில் நடத்திய சின்ன நிகழ்ச்சியிலிருந்து வளர்ந்தது இவ்வளவும். அந்தச் சங்கத்தின் கண்காட்சி இன்றும் பிப்ரவரியில் மாநாட்டு மையத்தில் நடக்கிறது. அதற்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். மற்றவை நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய கூடாரங்களிலும் மோட்டல் அறைகளிலும் நடக்கும். மோட்டல் அறையில் கட்டில் மேல், டிவி மேசை மேல், குளியலறைத் திட்டில்கூட கல் அடுக்கி வைத்திருப்பார்கள். வியாபாரி இரவில் அதே அறையில்தான் தூங்குவார். இவற்றில் பலவற்றுக்கு அனுமதி இலவசம். சிலவற்றில் மொத்த வியாபாரிகளை மட்டுமே விடுவார்கள், வாசலிலேயே வணிக உரிமம் கேட்பார்கள். கிளம்பும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையோடு போய்த் திரும்பி வருவது பாவம்.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு புதைபடிவத்தின் பாதி மதிப்பு அதனோடு வரும் சீட்டில் இருக்கிறது. எந்த நாடு, எந்த ஊருக்குப் பக்கம், எந்தப் பாறை அடுக்கு, என்ன வயது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்த விவரம் தொலைந்துபோனால் அது அழகான கல்தான், அதனிடமிருந்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் கடைக்காரரிடம் நான் விலையைக் கடைசியில்தான் கேட்பேன். முதல் கேள்வி, 'இது எங்கே எடுத்தது?' வெறுமனே 'மொராக்கோ' என்று பதில் வந்தால் இன்னும் கொஞ்சம் துருவுவேன். அல்னிஃப் என்ற ஊர்ப் பக்கம் இன்ன மலைச்சரிவு, எங்கள் மாமா குடும்பம் தோண்டுகிறது என்று சொல்கிறவரிடம் நின்று பேசுவேன். அடுத்த கேள்வி, 'இதில் எவ்வளவு ஒட்டு வேலை, எவ்வளவு நிரப்பியது?' நல்ல வியாபாரி இதற்குக் கோபப்பட மாட்டார். விளக்கை எடுத்து 'இந்த முள் உடைந்திருந்தது, ஒட்டினோம், இந்த ஓரம் நாங்கள் செய்தது' என்று காட்டுவார். பழுது பார்த்தது போலி ஆகாது. பழுது பார்த்ததை மறைத்து விற்றால்தான் அது மோசடி.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது வருடம் ஒரு கூடாரத்தில் உள்ளங்கை அளவு டிரைலோபைட் ஒன்றைப் பார்த்தேன். முதுகெல்லாம் முள், ஒரு முள்கூட உடையவில்லை, சாம்பல் பாறையில் கறுகறுவென்று உட்கார்ந்திருந்தது. 140 டாலர் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முதுகில் ஊசிமுனை அளவு குமிழ்த் துளைகள். பிசினை அச்சில் ஊற்றி, சாயம் பூசி, உண்மையான பாறைத் துண்டில் பதித்திருக்கிறார்கள். பணம் போனதைவிட, என் மகனுக்கு அதைக் காட்டி '39 கோடி வருடத்துக்கு முன்னால் கடலில் ஊர்ந்தது' என்று சொல்லிவிட்டேனே என்பதுதான் என்னை அறுத்தது. மறுநாள் அவனிடம் உண்மையைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு 10 மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். நீங்களும் ஒன்று வாங்கி மகள் கழுத்தில் மாட்டிவிடுங்கள். மொராக்கோ டிரைலோபைட்டில் முதலில் கண்ணைப் பாருங்கள். ஃபேக்கோப்ஸ் என்ற டிரைலோபைட் வகையில் கண் தேன்கூடு மாதிரி இருக்கும், ஒவ்வொரு வில்லையும் தனித்தனியாக, வரிசை பிசகாமல் தெரியும். அந்த வில்லைகள் கால்சைட் என்ற கனிமத்தால் ஆனவை, அதாவது அந்தப் பிராணி கல் வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தது. மலிவான அச்சு வார்ப்பில் இந்த வரிசை மழுங்கிப்போயிருக்கும். அடுத்தது விரிசல். புதிதாக வாங்குகிறவர்கள் விரிசல் இல்லாத துண்டாகத் தேடுவார்கள். உண்மையில் மொராக்கோவில் கடினமான சுண்ணாம்புக் கல்லைச் சுத்தியலால் உடைத்து, உடைந்த முகத்தில் ஓட்டின் குறுக்குவெட்டு தெரிகிறதா என்று பார்த்துத்தான் இவற்றைக் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு இரண்டு துண்டையும் ஒட்டி, காற்றழுத்தத்தில் இயங்கும் பென்சில் அளவு உளியால் பல மணி நேரம் கொத்தி எடுக்கிறார்கள். ஆகவே பாறையிலிருந்து உடல் வழியாகத் தொடர்ந்து போகும் ஒட்டுக்கோடு பெரும்பாலும் நல்ல அடையாளம். கோடு பாறையில் மட்டும் ஓடி உடலில் நின்றுவிட்டால், அல்லது கோடே இல்லாமல் உடல் பளிங்கு மாதிரி இருந்தால், கேள்வி கேளுங்கள்.

ஒரே மேசையில் ஒரே வளைவு, ஒரே நெளிவோடு நாலு உருப்படி இருந்தால் அச்சுதான், சந்தேகமே வேண்டாம். புற ஊதா டார்ச் ஒன்று மலிவாகக் கிடைக்கும். பசையும் பூச்சும் பெரும்பாலும் அதன் வெளிச்சத்தில் வேறு நிறமாகப் பளிச்சிடும். கடைக்காரர் சம்மதித்தால் ஓரத்தில் அசிட்டோன் தோய்த்த பஞ்சால் லேசாகத் தேய்த்துப் பார்க்கலாம், சாயம் என்றால் பஞ்சில் வந்துவிடும். அனுமதி கேட்காமல் செய்யாதீர்கள். மொராக்கோவின் ஃபாஸ்ஃபேட் சுரங்கங்களிலிருந்து வரும் மோசசார் என்ற கடல் பல்லியின் தாடைகளையும் நிறையப் பார்ப்பீர்கள். பற்கள் உண்மையாகவே இருக்கும். ஆனால் வெவ்வேறு விலங்கின் பற்களை மணலும் பசையும் குழைத்த கட்டியில் வரிசையாக நட்டுத் 'தாடை' என்று விற்பார்கள். ஒற்றைப் பல்லாக வாங்குவது எவ்வளவோ மேல்.

ஒட்டு வேலையால் நிபுணர்களே ஏமாந்த கதை ஒன்று இதே டூசானில் நடந்தது. 1999 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்து டைனோசார் அருங்காட்சியகம் ஒன்றை நடத்திவந்த ஸ்டீஃபன் செர்காஸ், இங்கே ஒரு வியாபாரியிடம் 80,000 டாலருக்கு ஒரு பலகைக் கல்லை வாங்கினார். சீனாவின் லியாவ்நிங் மாகாணத்திலிருந்து கடத்தி வந்தது. முன்பாதி பறவை, வால் டைனோசார். டைனோசாரையும் பறவையையும் இணைக்கும் கண்ணியே கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டிமத்தி ரோ அதை சி.டி. ஸ்கேன் எடுத்து, துண்டுகள் ஒன்றோடொன்று சேரவில்லை என்று எச்சரித்தார். இருந்தும் நேஷனல் ஜியாகிரஃபிக் 1999 நவம்பர் இதழில் 'ஆர்க்கியோராப்டர்' என்ற பெயரோடு அது வெளிவந்துவிட்டது. சில வாரத்தில் சீன ஆய்வாளர் ஷு ஷிங், அதே வாலின் மறுபாதிப் பதிவை வேறொரு கல்லில் கண்டார். அதில் வால் வேறு ஒரு சிறிய டைனோசார் உடலோடு சேர்ந்திருந்தது. நல்ல விலை கிடைக்கட்டும் என்று யாரோ இரண்டையும் ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கல் பிறகு சீனாவுக்கே திரும்பிப் போனது. இதில் என்னை மிகவும் வருத்துவது, ஒட்டப்பட்ட பறவையும் வாலும் தனித்தனியாக அருமையானவை என்பதுதான். வால் பகுதி மைக்ரோராப்டர் என்ற நான்கு சிறகு டைனோசாருடையது என்று பிறகு தெரிந்தது. எந்தக் குழியில், எந்த அடுக்கில் எடுத்தது என்ற விவரம் அதோடு வந்திருந்தால் இவ்வளவு குழப்பம் இருந்திருக்காது.

சட்டமும் இதோடு சேர்ந்ததுதான். சீனா, மங்கோலியா, பிரேசில் ஆகிய நாடுகளிலிருந்து புதைபடிவத்தை வியாபாரத்துக்காக வெளியே கொண்டுபோகத் தடை உண்டு. 2012இல் நியூயார்க்கில் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போன டார்போசாரஸ் என்ற டைனோசாரின் எலும்புக்கூட்டை அமெரிக்க அரசு பறிமுதல் செய்து அடுத்த ஆண்டே மங்கோலியாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்காவுக்குள்ளேயே, தனியார் நிலத்தில் கிடைப்பது நில உரிமையாளருக்குச் சொந்தம், விற்கலாம். கூட்டரசுக்கு (அதாவது மத்திய அரசுக்கு)ச் சொந்தமான நிலத்தில் எடுத்த முதுகெலும்பு விலங்கு என்றால் விற்பது குற்றம். டைனோசார் முட்டையை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நான் ஆசையாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

உங்கள் 200 டாலரை நானாக இருந்தால் இப்படிச் செலவு செய்வேன். முதலில் யூட்டாவின் எல்ரேத்தியா கிங்கீ டிரைலோபைட் ஒன்றை மகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இரண்டு விரல் கடை அளவு, கறுப்பு, பாறையிலிருந்து தானாகக் கழன்று வருவது, 50 கோடி வருடத்துக்கும் மேல் பழையது. ஏராளமாகக் கிடைப்பதால் சில டாலர்தான் இருக்கும், அதனாலேயே யாரும் மெனக்கெட்டுப் போலி செய்வதில்லை. அடுத்து வயோமிங்கின் கிரீன் ரிவர் அடுக்கிலிருந்து ஒரு நைட்டியா மீன். சுமார் 5 கோடி வருடத்துக்கு முன் ஏரியில் மூழ்கிய மத்தி மாதிரிச் சின்ன மீன், முள் ஒவ்வொன்றும் எண்ணலாம். கெம்மரர் ஊர்ப் பக்கத்துக் கல்குவாரிகளில் எடுப்பது. முள்ளின் பழுப்பு நிறம் தூரிகையால் தீட்டியது மாதிரிச் சீராக இருந்தால் மட்டும் லென்ஸை வைத்துப் பாருங்கள். மடகாஸ்கர் அம்மோனைட்டை (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் பிராணி) இரண்டாக அறுத்து மெருகு போட்ட ஜோடியும் முதல் வாங்குதலுக்கு நல்லது, உள்ளே அறை அறையாகத் தெரியும். நம் வீடுகளில் பூஜையில் வைக்கும் சாளக்கிராமமும், நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட் பதிந்த கறுப்புக் கல்தான் என்று அவளிடம் சொல்லிப் பாருங்கள். பாட்டி வீட்டுக்குப் போகும்போது தானே தேடிப் பார்ப்பாள். மீதிப் பணத்தில், மேலே சொன்ன கண் வரிசை நன்றாகத் தெரியும் மொராக்கோ ஃபேக்கோப்ஸ் ஒன்றை, எங்கே எடுத்தது என்று சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

பேரம் பேசலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் பல மணி நேரம் கொத்தி எடுத்த துண்டைக் கால் விலைக்குக் கேட்காதீர்கள். ஒரே கடையில் மூன்று நாலு எடுத்து 'சேர்த்து என்ன விலை?' என்று ரொக்கத்தோடு கேட்டால் நன்றாகவே குறையும். கடைசி இரண்டு நாளில் இன்னும் இறங்கும், ஆனால் நல்லவை முதல் வாரத்திலேயே போய்விடும். பழைய முட்டை அட்டையும் டிஷ்யூ தாளும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். கடைகளில் பெரும்பாலும் செய்தித்தாளில் சுற்றித்தான் தருவார்கள்.

அன்று இரவே, ஓட்டல் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் மகள் கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதச் சொல்லுங்கள்: பெயர், இடம், அடுக்கு, வயது, வாங்கிய தேதி. கல்லின் அடிப்பக்கம் சின்னதாக ஒரு எண் எழுதி, அதே எண்ணைச் சீட்டிலும் எழுத வேண்டும். காலையில் செய்யலாம் என்று விட்டால் எது எந்தக் கடை என்று கலந்துவிடும்.

ஃபேக்கோப்ஸ் வாங்கும் முன் சந்தேகம் வந்தால் கண் பகுதியை லென்ஸ் வழியாக ஒரு படம் எடுத்து இந்தப் பதிலின் கீழே போடுங்கள். கண்காட்சி நாட்களில் நானும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருப்பேன், பார்த்துச் சொல்கிறேன்.