குற்றாலத்துக் குரங்குகள் ஏன் இன்னும் மனிதனாகவில்லை?

கேட்கப்பட்ட கேள்வி இது: மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்கிறார்களே, அப்படியானால் குற்றாலத்திலும் பழனியிலும் திரிகிற குரங்குகள் ஏன் இன்னும் குரங்குகளாகவே இருக்கின்றன?

அவற்றிலிருந்து நாம் வரவில்லை. பதில் அவ்வளவுதான். ஆனால் இப்படிச் சுருக்கமாகச் சொன்னால் யாரும் ஏற்றுக்கொள்வதில்லை என்பதை, மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் விலங்கியல் நடத்தித் தெரிந்துகொண்டேன். ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் குழப்பத்தில் எனக்கும் பங்கு உண்டு. கரும்பலகையின் இடது ஓரத்தில் கை ஊன்றி நடக்கும் குரங்கு, அடுத்து கொஞ்சம் நிமிர்ந்த ஒன்று, அதற்கடுத்து இன்னும் நிமிர்ந்த ஒன்று, கடைசியில் கையில் ஈட்டியுடன் மனிதன். ஆண்டுதோறும் வரைந்தேன், நன்றாகவும் வரைந்தேன். அந்தப் படத்தின் மூல வடிவம் 1965-இல் அமெரிக்காவின் டைம்-லைஃப் நூல் ஒன்றுக்காக ருடால்ஃப் ஸாலிங்கர் தீட்டியது. பக்கத்தை முழுதாக விரித்தால் 15 உருவங்கள், மடித்து வைத்தால் ஆறு. அவற்றில் சில நம்முடைய நேர் மூதாதையர் அல்ல, பக்கக் கிளைகள் என்று உடன் இருந்த எழுத்திலேயே சொல்லியிருந்தார்கள். எழுத்தை யார் படிக்கிறார்கள்? படம் மட்டும் உலகத்தைச் சுற்றி வந்தது. பார்ப்பவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: குரங்கு வரிசையில் பின்னால் நிற்கிறது, நாம் முன்னால் போய்விட்டோம்.

பங்காளி என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் படத்தை நம்பி ஏமாந்தோமே என்று எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு மகன்கள் என்று வையுங்கள். மூத்தவர் ஊரிலேயே நிலத்தைப் பார்த்துக்கொண்டார். இளையவர் பர்மாவுக்குக் கப்பல் ஏறினார். நீங்கள் இளையவர் வழி. கோயில் கொடையில் மூத்தவர் வழிப் பங்காளியைச் சந்திக்கும்போது, “நான் உன்னிடமிருந்து வந்தவன், பிறகு நீ ஏன் இன்னும் இருக்கிறாய்?” என்று கேட்பீர்களா? அவரும் நீங்களும் வந்தது கொள்ளுத்தாத்தாவிடமிருந்து. அவர் இப்போது இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஊரிலேயே இருந்ததால் அந்தப் பங்காளி கொள்ளுத்தாத்தா மாதிரியே இருந்துவிடவில்லை. ஏற்றம் போய் மோட்டார் வந்தது, ஓட்டு வீடு போய் மாடி வீடு வந்தது. அவர் கிளையும் இத்தனை காலம் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

சிம்பன்ஸி நமக்கு அப்படிப்பட்ட பங்காளி. ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு வழிகளும் பிரிந்தன. பிரிந்த இடத்தில் இருந்த உயிர் சிம்பன்ஸியும் அல்ல, மனிதனும் அல்ல. கொரில்லாவின் வழி அதற்கும் முன்பே பிரிந்துவிட்டது. அதாவது, சிம்பன்ஸிக்குக் கொரில்லாவைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம். மாணவர்களை வண்டலூருக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் இதைச் சொல்வேன். ஒரு பயலும் நம்ப மாட்டான். பார்வைக்குச் சிம்பன்ஸியும் கொரில்லாவும் அண்ணன் தம்பி போல் கறுத்துக் கிடக்கின்றன, நாம் சட்டை போட்டுக்கொண்டு வெளியே நிற்கிறோம். குற்றாலத்துக் குரங்கோ மிகத் தூரத்துச் சொந்தம். அதன் முன்னோரும் நம் முன்னோரும் பிரிந்து இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இங்கேதான் மொழியும் நம்மைக் கொஞ்சம் கவிழ்க்கிறது. பழந்தமிழர் குரங்கு வகைகளைக் கூர்ந்து பார்த்தவர்கள். குரங்கு, முசு, ஊகம் மூன்றுக்கும் பெண்பாற் பெயர் மந்தி என்று தொல்காப்பிய மரபியல் கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் சிம்பன்ஸி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் ஆகிய வாலில்லாக் கூட்டத்துக்கு நம்மிடம் பழைய சொல் இல்லை, ஏனென்றால் அவை நம் காட்டில் இல்லை. இந்தியாவிலேயே ஹூலக் கிப்பன்கள் மட்டும்தான் உண்டு, அவையும் அசாம், மேகாலயா, அருணாசலப் பக்கம். பார்க்காத ஒன்றுக்குப் பேர் எதற்கு? பிற்காலத்தில் பாடநூல் எழுதியவர்கள் ‘மனிதக் குரங்கு’ என்று ஒட்டுப்போட்டுச் சமாளித்தார்கள். விளைவு, தோட்டத்தில் மாங்காய் பறிக்கும் குரங்கும் ஆப்பிரிக்கக் காட்டின் சிம்பன்ஸியும் ஒரே சாக்குப்பைக்குள் போய்விட்டன.

வாலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘பயன்படுத்தாமல் விட்டதால் மனிதனுக்கு வால் தேய்ந்து போயிற்று’ என்று விடைத்தாள்களில் எத்தனை முறை படித்திருப்பேன்! இரண்டு பிழைகள். வால் போனது மனிதனுக்கு மட்டும் அல்ல, நமக்கும் சிம்பன்ஸிக்கும் கிப்பனுக்கும் பொதுவான பழைய மூதாதையின் காலத்திலேயே போய்விட்டது. தேய்ந்தும் போகவில்லை. வால் உருவாகத் தேவையான ஒரு மரபணுவுக்குள் சிறு டி.என்.ஏ. துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டதைச் சுட்டும் ஆய்வு 2024-இல் வெளியானது. அந்தச் செருகல் உண்டாக்கும் விளைவை எலிகளில் ஏற்படுத்திப் பார்த்தபோது குட்டை வால் எலிகளும் வாலே இல்லாத எலிகளும் பிறந்தன. பயன்படுத்தாததால் தேயும் என்றால் தலைமுறை தலைமுறையாகக் காது குத்தும் நம் வீட்டில் ஒரு குழந்தையாவது ஓட்டையோடு பிறந்திருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்வதுண்டு. அது சரியான வாதம் அல்ல, குத்துவது வேறு, பயன்படுத்தாமல் விடுவது வேறு. ஆனாலும் ‘உடலுக்கு நேர்வதெல்லாம் பிள்ளைக்குப் போகாது’ என்பது மனதில் நின்றுவிடும்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிய வில்லங்கம் ‘பரிணாம வளர்ச்சி’ என்பதில் உள்ள வளர்ச்சி. பரிணாமம் என்றால் மாற்றம். அதோடு வளர்ச்சியைச் சேர்த்ததும் ஏணி வந்துவிடுகிறது, மேல்படி கீழ்ப்படி வந்துவிடுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘கூர்ப்பு’ என்கின்றன. அழகான சொல், ஆனால் அதற்கும் உள்ளது சிறத்தல் என்றுதான் பழைய பொருள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சிறப்பும் வளர்ச்சியும் வந்து நிற்கின்றன.

திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் கடவூர்ப் பகுதியில் தேவாங்குக்கென்றே 2022-இல் ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். தேவாங்கும் குரங்குகளையும் நம்மையும் உள்ளடக்கிய பெருங்கூட்டத்தைச் சேர்ந்த விலங்குதான், நமக்கு மிகமிகத் தூரத்து உறவு. அதைப் ‘பின்தங்கிய’ விலங்கு என்று சிலர் எழுதுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. இருட்டில் சிறு ஒளியையும் பிடித்துக்கொள்ளும் கண், கிளை அசையாமல் நகரும் நடை, விரல் நுனியில் பூச்சியைக் கவ்வும் லாவகம். நள்ளிரவில் அதன் கருவேலங்காட்டில் நம்மை இறக்கிவிட்டால் யார் பின்தங்கியவர் என்று தெரிந்துவிடும்.

வளர்ச்சிக் கணக்கு எங்கே உடைகிறது என்பதற்கு அரிவாள் செல் மரபணு நல்ல எடுத்துக்காட்டு. அது ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு, இருவரிடமிருந்தும் வந்தால் கொடிய ரத்த நோய். மலேரியா உள்ள ஊரில் நிலைத்து நின்றது, இல்லாத ஊரில் வெறும் சுமை. இந்தியாவில் இது முதலில் பதிவானது 1952-இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். இதை முன்னேற்றம் என்பீர்களா, பின்னேற்றம் என்பீர்களா? மனிதனிடம் மாற்றம் நின்றுவிட்டது என்பவர்களுக்கும் இதையே காட்டுவேன்.

‘98 சதவீதம் சிம்பன்ஸி’ என்ற பேச்சு வேறு இருக்கிறது. 2005-இல் சிம்பன்ஸியின் மரபணுத் தொகுதி வெளியானபோது, ஒப்பிடக்கூடிய பகுதிகளில் டி.என்.ஏ.வின் எழுத்துக்கு எழுத்து வேறுபாடு சுமார் 1.2 சதவீதம் என்று தெரிந்தது. கேட்பதற்குச் சிறிது, எண்ணிக்கையில் ஏறத்தாழ 3.5 கோடி இடங்கள். இடையில் சேர்ந்த, விடுபட்ட துண்டுகளையும் கணக்கில் எடுத்தால் 4 சதவீதம் வரை போகிறது. ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரு வீட்டில் இட்லி, ஒரு வீட்டில் தோசை. பொருள்களின் பட்டியலை வைத்துக்கொண்டு பலகாரத்தின் சதவீதத்தைச் சொல்ல முடியாது.

விடுபட்ட கண்ணியை இன்னும் கண்டுபிடிக்கவில்லையே என்று கேட்பவர்களும் உண்டு. கண்ணி என்றால் சங்கிலி, சங்கிலி என்றால் ஒரே வரிசை. இங்கே இருப்பது புதர். அந்தப் புதரின் பல கிளைகள் கிடைத்துவிட்டன. எத்தியோப்பியாவின் ஹடாரில் 1974-இல் கிடைத்த, 32 லட்சம் ஆண்டுப் பழைமையான ‘லூசி’ என்ற எலும்புக்கூடு நிமிர்ந்து நடந்த ஒருத்தியுடையது, ஆனால் மண்டையின் அளவு ஏறக்குறைய சிம்பன்ஸியுடையதுதான். மூளை பெருத்த பிறகு எழுந்து நிற்கவில்லை, எழுந்து நின்று பல லட்சம் ஆண்டுகள் கழித்துத்தான் மூளை பெருத்தது. அறிவு முதலில் வந்திருக்க வேண்டும் என்ற நம் தற்பெருமைக்கு இது ஒரு சின்ன அடி.

நாம் தனியாகவும் இருக்கவில்லை. ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் இதே பூமியில் நியாண்டர்தால்கள் இருந்தார்கள், டெனிசோவர்கள் இருந்தார்கள், இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் மூன்றடி சொச்சம் உயரத்தில் இன்னொரு மனித இனம் இருந்தது. நியாண்டர்தால்களோடு நம் முன்னோர் கலந்து பிள்ளை பெற்றதால் ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் டி.என்.ஏ.வில் சுமார் 2 சதவீதம் அவர்களுடையது. இந்தத் தொல்மரபணு ஆய்வுக்காகத்தான் ஸ்வாந்தே பேபோவுக்கு 2022-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இதை எழுதும் எனக்கும், படிக்கும் உங்களில் பெரும்பாலோருக்கும் உடம்பில் அந்தப் பங்கு இருக்கிறது.

இனி நம் ஊர்ப் பெருமை ஒன்றைத் தொடப்போகிறேன், கோபிக்க வேண்டாம். திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் அறிவித்தார்கள். அருமையான ஆய்வு. அதை எடுத்துக்கொண்டு ‘15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் ஆயுதம் செய்தான்’ என்று பரப்புகிறார்கள். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் கிடைத்தவை, வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். அதிரம்பாக்கத்தில் அந்தக் கல்லைச் செதுக்கிய கை நம் இனத்தின் கையே அல்ல. வேறொரு மனித இனம் இந்தக் கொற்றலை ஆற்றங்கரையில் உட்கார்ந்து கல் கொத்தியது என்பது இன்னும் பெரிய செய்தி அல்லவா? அதை விட்டுவிட்டு அவனுக்கு ஏன் குடும்ப அட்டை எழுதுகிறோம்?

லெமூரியாவின் கதையும் தேவாங்கிடமிருந்தும் அதன் சொந்தங்களிடமிருந்துமே தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. மடகாஸ்கரில் லெமூர்கள், இந்தியாவிலும் இலங்கையிலும் அவற்றின் சொந்தமான தேவாங்குகள். நடுவில் கடல். எப்படி? 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். ஜெர்மானிய விலங்கியலாளர் ஹெக்கல் ஒரு படி மேலே போய் மனிதனே அங்கே தோன்றியிருக்கலாம் என்றார். கண்டங்கள் நகர்கின்றன என்பது அன்று தெரியாது, மூழ்கிய நிலம் இல்லாமல் வேறு வழியும் தெரியவில்லை. தெரிந்த பிறகு விலங்கியல் அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டது. நாம் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டோம். லெமூர் அங்கேயும் தேவாங்கு இங்கேயும் இருப்பதை விளக்கப் போட்ட கணக்கில் நம் குமரிக் கண்டம் முழுவதும் எழுந்து நின்றது!

கடைசியாக, இன்றைய குரங்குகள் ஒருநாள் மனிதனாகுமா என்ற பகுதி. ஆகாது. நம் பங்காளியின் பேரன் எத்தனை தலைமுறை கழிந்தாலும் நீங்களாக ஆகப்போவதில்லை. அவை வேறெதுவாகவோ மாறலாம், காடு மிஞ்சினால்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு அந்தப் பழைய வரிசைப் படத்தை நிறுத்திவிட்டேன். பலகை முழுக்க ஒரு புதர் வரைந்து, பட்டுப்போன கிளைகளுக்கு நடுவே ஓரமாக ஒரு சிறு நுனியைக் காட்டி, இதுதான் நாம் என்றேன். வகுப்பு அமைதியாகப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“சார், தேர்வில் கேட்டால் எந்தப் படம் வரைய வேண்டும்?”

பழையதையே வரை என்றேன்.