மெல்லிய எஸ்.எஸ். தகட்டில் ஓட்டை விழாமல் வெல்டிங்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 16, 18 கேஜ் (சுமார் 1.6, 1.2 மி.மீ. கனம்) எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் சின்னத் தொட்டிகள் செய்கிறேன். ஆர்கான் மெஷின் (ஆர்கான் வாயுவில் ஓட்டும் வெல்டிங்) இல்லை, 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் மட்டும்தான். 2.5 மி.மீ. ராடு (வெல்டிங் குச்சி) போட்டால் ஓட்டை விழுகிறது. ஆம்பியரைக் குறைத்தால் ராடு ஒட்டிக்கொள்கிறது.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: உங்கள் கைமேல் தவறில்லை, ராடு பெரிது. 2.5 ராடு நிதானமாக எரிய 50 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டை 1.2 மி.மீ. தகடு தாங்காது. எஸ்.எஸ். சாதா இரும்பைவிட மிக மெதுவாகத்தான் சூட்டைக் கடத்தும், அதனால் ஆர்க் (ராடு நுனியில் எரியும் மின்பொறி) பட்ட இடத்திலேயே சூடு தேங்குகிறது. விரிவதும் இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஓட்டை, நெளிவு இரண்டுக்கும் காரணம் இவைதான்.

304 ரக எஸ்.எஸ். தகடு என்றால் இ308எல்-16 (E308L-16) ராடு வாங்குங்கள். 16 கேஜுக்கு 2 மி.மீ. ராடு, 35 முதல் 40 ஆம்பியர். 18 கேஜுக்கு 1.6 மி.மீ. ராடு, 25 முதல் 30. சின்னக் கடைகளில் பெரும்பாலும் 2.5-ஐத்தான் நீட்டுவார்கள்; 1.6 வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ராடைப் பிடிக்கும் ஹோல்டர் பிளஸ்ஸில், எர்த் மைனஸில். மெஷினில் ஹாட் ஸ்டார்ட் (தொட்டவுடன் ஆம்பியரைக் கூட்டும்) திருகு இருந்தால் குறைத்துவிடுங்கள். தொட்டவுடன் விழும் ஓட்டைக்குப் பல நேரம் அதுதான் காரணம்.

குறைந்த ஆம்பியரில் ராடு ஒட்டுவதைத் தவிர்க்க, ஆர்க்கை வேலையின்மேல் பற்றவைக்காதீர்கள். தகடுகள் சேரும் மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்.எஸ். துண்டை வைத்து, அதில் பற்றவைத்து, ராடு நுனி சூடானதும் மூட்டுக்கு நகர்த்துங்கள். பாதியில் நிறுத்திய ராடின் நுனியைக் கண்ணாடிபோல ஸ்லாக் (ராடின் பூச்சு உருகி உறைந்த கசடு) மூடியிருக்கும். அதை உடைத்துவிட்டே மறுபடி தொடவேண்டும். ஆர்க் நீளம் ராடின் கனத்தைத் தாண்டக்கூடாது. எஸ்.எஸ்ஸில் ஆர்க் நீண்டால் வோல்டேஜ் ஏறும், சூடும் ஏறும். கையை ஆட்டாமல், நேர்கோட்டில், வேகமாக இழுங்கள்.

மூட்டில் இடைவெளியே இருக்கக்கூடாது. முடிந்தால் தகட்டின்மேல் தகடு ஏறும்படியோ, மூலை மடிப்பாகவோ வடிவமையுங்கள். விளிம்போடு விளிம்பு சேர்ப்பதுதான் மிகக் கடினம். பின்னால் 5, 6 மி.மீ. செம்புப் பட்டையை இறுகக் கட்டினால் அது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், உலோகமும் ஒழுகாது. 25 முதல் 40 மி.மீ.க்கு ஒரு டேக் (சிறு புள்ளி வெல்ட்). நடுவில் ஒன்று, இரு ஓரங்களில், பிறகு இடைப்பட்ட இடங்களில். அதன்பின் 30 மி.மீ. மட்டும் ஓட்டி, அது ஆறும்வரை தள்ளி வேறிடத்தில் ஓட்டுங்கள். ஓரத்தை நெருங்கும்போது சூடு போக வழியின்றிக் கூடும். ஆகவே கடைசி 15 மி.மீ.யை ஓரத்திலிருந்து உள்நோக்கி ஓட்டி முடியுங்கள்.

சென்னைக் காற்றில் பிரித்த பாக்கெட் ஈரம் இழுக்கும், வெல்டில் குண்டூசித் துளைகள் வரும். பாக்கெட்டில் அச்சிட்ட வெப்பத்தில் காயவைத்தே பயன்படுத்துங்கள். எஸ்.எஸ். ஸ்லாக் ஆறும்போது தானாகவே தெறிக்கும். முகமூடியைத் தூக்கினாலும் உள்ளே கண்ணாடி போட்டிருக்கவேண்டும். புகையில் தீங்கான குரோமியம் உண்டு, மூடிய அறையில் செய்யவே வேண்டாம்.

1 மி.மீ.க்குக் கீழே, அல்லது பால், குடிநீர் தொடும் உட்புறம் என்றால் ஆர்கானுக்கே அனுப்புங்கள். ராடு வெல்டிங்கில் பின்பக்கம் கருகிச் சொரசொரப்பாகிவிடும். கழுவினாலும் அங்கே அழுக்குத் தங்கும்.

கேள்வி: மொட்டைமாடி எஸ்.எஸ். கைப்பிடியில் வெல்ட் ஓரங்கள் மட்டும் துருப்பிடிக்கின்றன. ஏன்?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: வெல்ட் ஓரத்தில் தெரியும் நீலம், பழுப்பு நிறம் அழகல்ல, காயம். அதன் அடியில் குரோமியம் குறைந்திருக்கும். கடல் உப்பு முதலில் அங்கேதான் கடிக்கும். அந்த நிறம் முழுக்கப் போகும்வரை எஸ்.எஸ்ஸுக்கென்றே ஒதுக்கிய பிரஷ், ஃபிளாப் வீலால் தேயுங்கள். இரும்பு தேய்த்த வீலைத் தொடவே தொடாதீர்கள், இரும்புத் துகள் ஒட்டி அதுவே துருவாகும். இந்த நிறத்தை நீக்கும் பிக்கிளிங் பேஸ்ட்டில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். தோல் வழியே உள்ளே போய் எலும்பையும் பாதிக்கக்கூடியது. அதை வீட்டில் வைத்துச் செய்யவேண்டாம், பட்டறையில் கொடுங்கள். புதிதாகச் செய்தால், கடற்கரைப் பக்கம் 202 ரக எஸ்.எஸ். வேண்டாம். உப்பை அதிகம் தாங்கும் 316 ரகக் குழாய், இ316எல்-16 ராடு.

கேள்வி: எஸ்.எஸ். தகட்டை இரும்புச் சட்டத்தில் ஒட்ட எந்த ராடு?
– வாசகர், மணலி

பதில்: இ309எல்-16. ஆர்க்கை இரும்புப் பக்கமே அதிகம் வையுங்கள். கனமான சட்டம் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆறியதும் இரும்புப் பக்கத்தோடு மூட்டையும் சேர்த்துப் பெயின்ட் அடித்துவிடுங்கள்.