அடுப்படியில் யார் நிற்பது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓராண்டுக்கு முன் வீகனாக மாறினேன். பால் பண்ணையில் கன்றைத் தாயிடமிருந்து பிரிக்கும் காட்சியை ஒரு காணொளியில் பார்த்த அன்றிரவே முடிவெடுத்துவிட்டேன். பால், தயிர், முட்டை, தேன் எதையும் தொடுவதில்லை. மனைவிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் எனக்குத் தனியாகச் சமைத்துத் தருகிறாள். எட்டு வயது மகளையும் பழக்கிவருகிறேன். போன வாரம் தோழியின் பிறந்தநாளில் கேக் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அதில் போட்ட பாலும் முட்டையும் எங்கிருந்து வருகின்றன என்று விளக்கினேன். அழுதுவிட்டாள். மனைவி இரண்டு நாளாக முகம்கொடுத்துப் பேசவில்லை.

என் கேள்வி: தாவரப் பால்களில் குடும்பத்துக்கு ஏற்றது எது? ஓட்ஸ் பால் காபியில் திரிந்துபோகிறது. புரதம் போதுமா, செடிக்கு மட்டும் உயிர் இல்லையா என்று உறவினர்கள் நச்சரிக்கிறார்கள். வைட்டமின் மாத்திரைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியை எடுத்துக்கொள்கிறேன். கால்நடை வளர்ப்பு பிடித்துக்கொள்ளும் நிலம் பற்றிய ஆய்வை இணைத்திருக்கிறேன். வீட்டாரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பால் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். சோயா. நூறு மில்லியில் மூன்று கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும், பசும்பாலுக்குக் கிட்டத்தட்ட சமம். கடையில் கிடைக்கும் பாதாம் பாலில் அரை கிராம் தேறினால் பெரிது, மிச்சமெல்லாம் தண்ணீர். ஓட்ஸ் இரண்டுக்கும் நடுவில். கால்சியம் சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள். அது அடியில் படியும், குலுக்கித்தான் ஊற்றவேண்டும். காபியில் திரிவது காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்து செய்யும் வேலை. பாலைச் சூடாக்கிக்கொண்டு, அதில் காபியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள். அப்படியும் திரிந்தால் குடித்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது.

புரதம் போதும். பருப்பும் தானியமும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போனால் சரி, ஒரே தட்டில் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. செடிக்கும் உயிர் உண்டே என்பவர்களுக்குப் பதில் சொல்லி மெனக்கெடாதீர்கள். கேட்பவருக்கே பதில் தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் வேறு. ‘ஆனாலும் எனக்குத் தனியாகச் சமைத்துத் தருகிறாள்.’ அந்த வரியை எழுதிவிட்டு அப்படியே மகளுக்குப் போய்விட்டீர்கள். கொஞ்ச நாளாக இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உணவை மாற்றிக்கொண்ட நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. காரணங்கள் பலவகை, பெரும்பாலும் நல்லவை. ஆனால் யாரோ ஒருவர் கூடத்தில் உட்கார்ந்து முடிவெடுக்கிறார், இன்னொருவருக்கு அடுப்படியில் வேலை இரண்டு மடங்காகிறது என்பது மட்டும் மாறுவதே இல்லை.

என் அப்பா இறைச்சியை ஒரே நாளில் விட்டவர். லாரியில் ஏற்றிய ஆடுகளில் ஒன்று அவரையே பார்த்துக்கொண்டிருந்ததாம். அவர் கருணையில் எனக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது, கடைசிவரை தொடவே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அவர் மன உறுதியை வியந்துவிட்டுப் போவார்கள். அம்மா அவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருப்பாள். எங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று தினமும் இரண்டு சமையல். அவருக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி வெட்டுப்பலகை. அவசரத்தில் கரண்டி மாறிவிட்டால் அப்பா கத்தமாட்டார். தட்டைக் கொஞ்சம் தள்ளி வைப்பார், அவ்வளவுதான். அம்மா எழுந்து போய் மறுபடி அடுப்பைப் பற்றவைப்பாள். கடைசியாகச் சாப்பிட உட்காரும்போது இரண்டு பாத்திரத்திலும் மிஞ்சியதை வழித்துப் போட்டுக்கொள்வாள். சில வருடங்களில் அவளும் இறைச்சியை நிறுத்திவிட்டாள். ‘என்னைப் பார்த்து அவளும் விட்டுவிட்டாள்’ என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். அவள் என்னிடம் சொன்னது, ‘உடம்பு முடியலடா.’

நீங்கள் அனுப்பிய ஆய்வு எனக்குத் தெரியும், 2018-ல் சயன்ஸ் இதழில் வந்தது. மேய்ச்சல் நிலத்தையும் சேர்த்து உலக விவசாய நிலத்தில் 83 சதவீதத்தைக் கால்நடை வளர்ப்பு எடுத்துக்கொள்கிறது, அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் கலோரி 18 சதவீதம்தான். மறுக்கவில்லை. உங்கள் மனைவியும் மறுத்திருக்கமாட்டார். உங்கள் வீட்டில் மாலை ஆறு மணிக்குக் காய் நறுக்குவது யார் என்பது அந்த ஆய்வில் இல்லை, அவர் மனம் இருப்பதோ அந்தக் கேள்வியில்.

சரி, ஒரு வேலை தருகிறேன். இந்த வாரம் சோயா பாலை வீட்டிலேயே நீங்கள் எடுங்கள். முந்தின இரவே ஊறப்போடவேண்டும், மறந்தால் மறுநாள் பால் கிடையாது. காலையில் இரண்டு மடங்காக உப்பியிருக்கும். பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்தால் ஒரு பச்சை வாசம் வரும். அரைபட்டதும் ஒரு நொதி விழித்துக்கொண்டு செய்யும் வேலை அது. கொதிநீர் விட்டு அரைத்தால் அந்த நொதி செத்துவிடும், வாசம் பெருமளவு குறையும். மிக்ஸி மூடி தெறிக்காமல் துணியால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் துணியில் கட்டிப் பிழியவேண்டும், கை சுடும். பிழிந்ததைச் சும்மா குடிக்கமுடியாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் ஒரு பொருள் பச்சை சோயாவில் இருக்கிறது, நன்றாகக் கொதித்தால்தான் அடங்கும். சரியாக வேகாத சோயா பால் குமட்டும், வாந்தியும் வரும். அடுப்பில் வைத்தால் கொதி வருவதற்கு முன்பே நுரை குபுகுபுவென்று மேலே ஏறும். கொதித்துவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள், அது பொய்க்கொதி. தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே, உண்மையான கொதி வந்தபின் இன்னும் பத்து நிமிடமாவது நிற்கவேண்டும். இதற்குள் அலைபேசியை எடுத்தால் அடுப்பெல்லாம் பால். அடிப்பிடித்த பாத்திரம், சக்கை ஒட்டிய துணி, நுரை வழிந்த அடுப்பு மூன்றையும் துடைத்துக் கழுவி முடித்தபின், வீட்டாரை எப்படி மாற்றுவது என்று எனக்கு மறுபடியும் எழுதுங்கள். கேள்வியே வேறாக இருக்கும்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யச் சொல்லவில்லை. பாக்கெட் வாங்கிக்கொள்ளலாம், சோயா பாலில் செய்யும் டோஃபுவும் கடையில் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிப்பது யார்? பிஸ்கட்டில் பால் பொடி இருக்கும், பிரெட்டில் பால் திரிந்தபின் மிஞ்சும் நீரான வே இருக்கும், ‘பால் அல்லாதது’ என்று விற்கும், காபியில் பாலுக்குப் பதிலாகக் கலக்கும் பொடியில்கூடக் கேசின் என்ற பால் புரதம் இருப்பதுண்டு. விலை பார்ப்பது, எது தீர்ந்தது என்று நினைவு வைப்பது, விருந்தினர் வந்தால் சமாளிப்பது. உங்கள் கொள்கையின் நிர்வாகம் முழுவதையும் அவர் தலையில் கட்டிவிட்டு, அவர் மனம் மாறவில்லை என்கிறீர்கள். என் யோசனை, வீட்டுக்கு ஒரே சமையல். அடிப்படையெல்லாம் தாவரமாகவே இருக்கட்டும், சமைப்பது நீங்களாக இருங்கள். தயிர் வேண்டியவர் தட்டில் தயிர் ஊற்றிக்கொள்வார். அதைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருப்பது மட்டும்தான் உங்கள் தவம்.

இனிக் கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன். மாத்திரையில் நம்பிக்கையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம்பிக்கைக்கு இங்கே என்ன வேலை? பி12 வைட்டமினைச் செடியும் செய்வதில்லை, மாடும் செய்வதில்லை. அதைச் செய்வது நுண்ணுயிர்கள் மட்டுமே. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி அதன் போலி, நம் உடம்புக்கு உதவாது. 1944-ல் இங்கிலாந்தில் வீகன் சங்கத்தைத் தொடங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை, பி12-ஐப் பிரித்தெடுத்ததே 1948-ல்தான். உங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம். ஈரலில் சேமிப்பு இருப்பதால் சில வருடங்கள் ஒன்றும் தெரியாது, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று மார்தட்டலாம். பிறகு பாதம் மரத்துப்போகும், மறதி வரும். நிறையக் கீரையும் பருப்பும் தின்பவருக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் தாராளமாக இருப்பதால் ரத்தசோகை வெளியே தெரியாமலே நரம்பு பழுதாகலாம். உங்கள் உடம்பு, உங்கள் இஷ்டம் என்று விட்டுவிடுவேன். எட்டு வயதுக் குழந்தைக்கு உங்கள் அளவுக்குச் சேமிப்பு இருக்காது. அவளைப் ‘பழக்கி’வருவதற்கு முன் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப்போனீர்களா? பி12, இரும்பு, அயோடின், வைட்டமின் டி எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள். தினமும் மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும் உங்கள் பொறுப்பு. அதையும் அவள் அம்மாவிடம் தள்ளாதீர்கள்.

அந்தக் கேக் விஷயம் எனக்கு வருத்தமாக இருந்தது. கன்றுக்காக உங்களுக்குத் தூக்கம் வராத இரவை நான் மதிக்கிறேன். அப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு குழந்தை கூட்டாளிகளோடு சிரித்துச் சாப்பிட்டு வந்ததைக் குற்றமாக்கி அழவைத்திருக்கிறார். அவள் இனிமேலும் கேக் சாப்பிடுவாள், உங்களிடம் சொல்லமாட்டாள். போய் மன்னிப்புக் கேளுங்கள், விளக்கம் எதுவும் சேர்க்காமல்.

அப்புறம் அவளோடு ஒரு விளையாட்டு விளையாடுங்கள். கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்த தண்ணீர் கெட்டியாக, பிசுபிசுவென்று இருக்கும். அதை முட்டை வெள்ளைபோல் நுரைக்க அடிக்கலாம் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் 2014-ல் கண்டுபிடித்தார். ஒரு முட்டைக்கு ஈடாக மூன்று மேசைக்கரண்டி. நீர்த்திருந்தால் கொஞ்சம் சுண்டவைத்து ஆறவிடுங்கள். சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, மின்சார அடிப்பான் இருந்தால் பத்து நிமிடம் போல அடித்து, இடையிடையே சர்க்கரையைத் தூவினால் வெள்ளை வெளேரென்று எழும்பி, பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கும். கவிழ்க்கும் வேலையை அவளிடம் கொடுங்கள், உங்கள் தலைக்கு மேல். மிச்சமிருக்கும் கொண்டைக்கடலை அன்றிரவுச் சாப்பாட்டுக்கு ஆகும். அதையும் நீங்களே சமையுங்கள், மூன்று பேருக்கும்.