ஆழாக்குக்கு எத்தனை கிராம்?

கேள்வி: என் மாமியாரின் சமையல் குறிப்பேட்டில் ‘ஒரு ஆழாக்குத் துவரம்பருப்பு’, ‘அரைப்படி உளுந்து’ என்றே எழுதியிருக்கிறது. என்னிடம் இருப்பதோ டிஜிட்டல் தராசு. இவற்றைக் கிராமுக்கு மாற்றுவது எப்படி? – வாசகி, கும்பகோணம்

பதில்: எட்டு ஆழாக்கு ஒரு படி. மெட்ரிக் கணக்கில் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி லிட்டர் என்றும், படி 1,344 மில்லி லிட்டர் என்றும் கொள்வது வழக்கம். உடைத்த பருப்புகளும் சிறு பயறுகளும் தாம் நிரப்பும் கொள்ளளவில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு எடை நிற்கும் என்பதால், தலைதட்டி அளந்த ஓர் ஆழாக்குத் துவரம்பருப்பு 140 கிராம் அளவிலும், அரைப்படி உளுந்து 560 கிராம் அளவிலும் இருக்கும். கடைகளில் விற்கும் 240 மில்லி கப்பில் அளந்தால் துவரை, கடலை, பாசி, உளுத்தம் பருப்புகள் எல்லாமே 200 கிராமை ஒட்டியே வரும். அதாவது ஒரு கிலோவுக்கு ஐந்து கப். சில முழுப் பயறுகள் மட்டும் எடை சற்றுக் குறைவாக நிற்கும்: ராஜ்மா 185 கிராம், தட்டைப்பயறு 170 கிராம்.

ஆனால், உங்கள் மாமியாரின் ஆழாக்கு மேற்சொன்ன ஆழாக்குதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சின்னப்படி, பெரியபடி என்று ஊருக்கு ஊர் அளவு மாறியதுண்டு. பல வீடுகளில் கைக்கு வசதியான ஏதோ ஒரு டம்ளருக்கே ஆழாக்கு என்று பெயர். அந்தப் பாத்திரம் இன்னும் வீட்டில் இருந்தால், அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தின் எடையைக் கழித்து நிறுத்துப் பாருங்கள். தண்ணீர் எத்தனை கிராமோ, பாத்திரம் அத்தனை மில்லி. அதில் ஆறில் ஐந்து பங்கே பருப்பின் எடை. அவர் தலைதட்டி அளந்தாரா, குவித்து அளந்தாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். சின்ன ஆழாக்கில் ஒரு குவியல் கணிசமான வித்தியாசம் காட்டும்.

கேள்வி: இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று அளந்து போடுகிறோம். அதே விகிதத்தை எடையிலும் வைத்துக்கொள்ளலாமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இட்லி அரிசியும் ஒரு கப்புக்கு 200 கிராம் அளவிலேயே நிற்பதால், 800 கிராம் அரிசிக்கு 200 கிராம் உளுந்து என்பது நாலுக்கு ஒன்றேதான். மாவு பொங்காமல் போனால் பழியை அளவின் மீது போடாதீர்கள். பெரும்பாலும் அது பழைய உளுந்தின் குறை.

விகிதம் ஏமாற்றுவது மாவில்தான். ஒரு கப் கடலைப்பருப்பு 200 கிராம் என்றால், சலித்த கடலை மாவு ஒரு கப்புக்கு 100 கிராமை எட்டினாலே அதிகம். ஆகவே, குறிப்பில் ‘இரண்டு கப் கடலை மாவு’ என்றிருந்தால், மில்லுக்கு ஒரு கப் பருப்பு கொடுத்தாலே போதும். பொட்டுக்கடலையும் வறுபட்டு லேசானது என்பதால், அதைப் பருப்புக் கணக்கில் சேர்க்காமல் தனியே நிறுத்துக்கொள்வதே சரி.

கேள்வி: ‘ஒரு டின் கொண்டைக்கடலை’ என்று வரும் குறிப்புகளுக்கு, காய்ந்த கடலை எவ்வளவு ஊறவைக்க வேண்டும்? – வாசகி, சிங்கப்பூர்

பதில்: 400 கிராம் டின்னில் நீரை வடித்தால் மிஞ்சுவது 240 கிராம் அளவுள்ள வெந்த கடலை. காய்ந்த கடலை ஊறி வெந்தபின் இரண்டேகால் மடங்கு எடையாவதால், 105 முதல் 110 கிராம், அதாவது அரைக் கப்புக்குச் சற்று மேல் ஊறவைத்தால் போதும். ஊறுவதற்குள்ளேயே எடை இரு மடங்காகிவிடுமாகையால், ஊறவைத்த பிறகு நிறுப்பவர் 210 கிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். இரவில் கைநிறைய அள்ளிப் போட்டுவிட்டுக் காலையில் பாத்திரம் வழிவதைப் பார்த்துத் திகைப்பவர்கள், அடுத்த முறை உயரமான பாத்திரத்தில் மூன்று மடங்கு தண்ணீர் விட்டு ஊறவைக்கட்டும்.