30,000 ரூபாய் பைக்குக்கு உண்மையில் எவ்வளவு ஆகும்?

கேள்வி: வணக்கம் சார். காட்பாடியில் இருக்கிறேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை, சம்பளம் கையில் 19,000. தினமும் போக வர 45 கி.மீ. ஷிப்ட் முடியும் நேரத்துக்கு பஸ் சரியாகக் கிடைப்பதில்லை. எங்கள் தெருக்காரர் ஒருவர் 2010 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸை 30,000-க்குத் தருகிறேன் என்கிறார். ஆர்.சி. (பதிவுச் சான்று) அவருடைய காலமான அப்பா பெயரில் இருக்கிறது. அதுவும் 15 வருடம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது, இன்ஷூரன்ஸும் இல்லை. என்னிடம் சீட்டு எடுத்த பணம் 22,000 உள்ளது. மீதிக்கும் ரிப்பேருக்கும் சேர்த்து ஒரு ஃபைனான்ஸ்காரர் நூற்றுக்கு ஒன்றரை வட்டியில் 20,000 தருகிறார், 12 தவணை. வாங்கலாமா? சித்தூரில் இதே வண்டி 20,000-க்கே கிடைக்கும் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: வாங்கலாம், ஆனால் 30,000-க்கு வேண்டாம். அந்தக் கடனும் வேண்டாம்.

முதலில் ஆர்.சி.யைப் பார்ப்போம். வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே இதைத்தான் பேசி முடிக்க வேண்டும். அப்பா இறந்த பிறகு ஆர்.சி. மாறவில்லை என்றால், மகன் போடும் கையெழுத்தை வைத்து உங்கள் பெயருக்கு நேராக மாற்ற முடியாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழுடன் படிவம் 31 கொடுத்து அவர் முதலில் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் படிவம் 29, 30 போட்டு உங்களுக்கு. மற்ற வாரிசுகள் இருந்தால் அவர்கள் சம்மதமும் தேவைப்படும். ‘அண்ணன் பெங்களூருவில் இருக்கிறார், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெரிந்தவர்தானே என்று பெயர் மாற்றாமல் ஒரு வண்டி வாங்கினேன். விற்றவர் ஊர் மாறிப் போய்விட்டார். ஒரு கையெழுத்துக்காக இரண்டு வருடம் அலைந்தேன். கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போட்டேன்.

அடுத்து, அந்த எட்டு மாதம். ஆர்.சி. காலாவதியான வண்டி சட்டத்தின் கண்ணில் பதிவில்லாத வண்டிதான். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் இருந்தும் தகராறு வரும். புதுப்பிக்கக் கட்டணம் 1,000 ரூபாய். தாமதத்துக்கு மத்திய விதிப்படி மாதம் 300 வீதம் இன்னொரு 2,400. இதற்கு மேல் பசுமை வரி, புகைச் சான்று. 97 சிசி வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம், 2022 ஜூன் முதல் உள்ள கட்டணப்படி 714 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியைக் காட்டித்தான் புதுப்பிக்க முடியும். லைட், ஹாரன், பிரேக் இவற்றில் ஒன்று வேலை செய்யவில்லை என்றாலும் திருப்பி அனுப்புவார். புதுப்பித்தால் கிடைப்பது ஐந்து வருடம். இதெல்லாம் விற்பவர் செலவாகவே இருக்கட்டும். இல்லையென்றால் விலையில் கழியுங்கள். பழைய ஃபைனான்ஸ் ஆர்.சி.யில் இன்னும் ஏறியிருக்கிறதா, அபராதம் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்பதைப் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

இனி வண்டி. காலை ஆறு மணிக்குப் போங்கள். நம் ஊர் வெயிலில் மதியம் போனால் நிறுத்தி வைத்த என்ஜினும் சுடும். அவர் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்தாரா என்று தெரியாது. ஆறிய என்ஜின் இரண்டு மூன்று கிக்கில் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு சைலன்சரில் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது, போர் வேலை (சிலிண்டரைக் கடையும் வேலை) காத்திருக்கிறது. கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இறங்கினாலும் அதே சந்தேகம்தான். ஹேண்டில் கழுத்தில் அடித்திருக்கும் சேஸ் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சுரண்டிய தடமோ, அங்கே மட்டும் புது பெயின்ட்டோ இருந்தால் பேரமே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் எங்கேயாவது சிக்குகிறதா? சிக்கினால் கோன் செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்) போயிருக்கிறது. பின் ஸ்ப்ராக்கெட்டில் செயினைப் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். பல் பாதி தெரிந்தால் செட்டோடு மாற்ற வேண்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும் அவ்வளவு பழைய ரப்பரை நம்பி தினம் 45 கி.மீ. போகாதீர்கள். மீட்டர் காட்டும் கி.மீ.யை நான் பார்ப்பதே இல்லை. ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் பிரேக் பெடலும் தேய்ந்த தேய்மானம் பொய் சொல்லாது. இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்காகச் செய்த வண்டி இல்லை என்பதால் பெட்ரோல் டியூப்களை மாற்றிவிடுவது நல்லது, சின்னச் செலவுதான்.

உங்களுக்குப் பெரிய செலவு மைலேஜில் இருக்கிறது. மாதம் 25 நாள் என்றால் 1,125 கி.மீ. லிட்டருக்கு 55 கொடுத்தால் 20 லிட்டர் சொச்சம் போதும். 40-தான் கொடுக்கிறது என்றால் 28 லிட்டர். பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது வருடத்துக்கு ஒன்பதாயிரத்தைத் தாண்டும் வித்தியாசம். ஆகவே மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக்காக இல்லாமல், 300, 400 கொடுத்தாவது வேறு ஆளை.

டயர், செயின், சர்வீஸ் என்று நான் ஆறாயிரமாவது ஒதுக்குவேன். பேப்பர் செலவும் சேர்த்தால் 30,000 வண்டி 40,000-ஐத் தாண்டுகிறது. 350 சிசி வரையிலான புது வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதையும் அவரிடம் சொல்லுங்கள். புது வண்டி விலை இறங்கினால் பழையதும் இறங்கத்தான் வேண்டும். பேப்பரை அவரே முடித்துத் தந்தால் 20,000. உங்கள் தலையில் கட்டினால் 15,000. என்ஜின் நன்றாக இருந்தால் மட்டும்தான் இந்த விலையும். இரண்டாயிரம் முன்பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். மீதியைப் பெயர் மாற்ற விண்ணப்பம் போடும் அன்றைக்குக் கொடுங்கள்.

இந்த விலைக்கு வந்தால் கடனே தேவைப்படாது. ஒன்றரை வட்டி என்றால் வருடம் 18 சதவீதம்தானே என்று தோன்றும். 20,000-க்கு வட்டி 3,600, தவணை 1,967. ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே முழு அசலுக்கும் வட்டி கட்டுகிறீர்கள். சரியாகக் கணக்குப் போட்டால் இது ஏறத்தாழ 32 சதவீதம். டயருக்குப் பணம் குறைந்தால் ஒரு மாதம் பொறுத்து மாற்றுங்கள், ஆனால் அதுவரை பழைய டயரில் சிப்காட் போக வேண்டாம், பஸ்ஸிலேயே போங்கள்.

சித்தூர் வண்டியை விட்டுவிடுங்கள். ஏபி எண் வண்டியை இங்கே நிரந்தரமாக வைத்திருக்க அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, தமிழ்நாட்டு வாழ்நாள் வரி கட்டி, புது எண் போட வேண்டும். அங்கே மிச்சமாகும் பத்தாயிரத்தில் எவ்வளவு இங்கே போகும், எத்தனை நாள் சம்பளம் போகும் என்று யோசித்தால் தெருக்காரர் வண்டியே தேவலை.