ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அவர் வாழ்நாளில் ஏன் முழுமையாக அச்சாகவில்லை?

அன்றைய லண்டனில் நாடகம், அதை எழுதியவருக்குச் சொந்தமில்லை. காசு கொடுத்து வாங்கிய நாடகக் குழுவுக்கே சொந்தம். அச்சிடுவதா வேண்டாமா என்பதும் பெரும்பாலும் குழுவின் கையில்தான். பாதியளவு நாடகங்கள் மலிவான சிறு நூல்களாக வந்தன, அவ்வளவே.

நடிகருக்குக்கூட முழுப் பிரதி கிடைக்காது. தன் வசனமும், அதற்கு முன் அடுத்தவர் பேசி முடிக்கும் கடைசிச் சில சொற்களும் மட்டும் எழுதிய நீளமான காகிதச் சுருளை வைத்துத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். சக நடிகர் எவ்வளவு நேரம் பேசுவார் என்பது அந்தச் சுருளில் இருக்காது!

1616இல் ஷேக்ஸ்பியர் இறந்தார். அவருடன் நடித்த ஹெமிங்ஸ், காண்டெல் இருவரும் 36 நாடகங்களைத் தொகுக்க, 1623இல் அது பெரிய நூலாக வெளிவந்தது. அவற்றில் 18 அதுவரை அச்சேறாதவை. மாக்பெத் நாடகமும் அவற்றில் ஒன்று. இந்த நூல் வராதிருந்தால் அது தொலைந்தே போயிருக்கலாம் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.